ஆடியில் தந்த பணம்

மார்கழிப் பனியில் மத்திகிரியைப் பார்த்திருக்கிறீர்களா, நண்பர்களே? 1824-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி படைக்குதிரைகளுக்காகத் தொடங்கிய கால்நடைப் பண்ணையின் புல்வெளி வெள்ளை வேட்டி விரித்தாற்போல் கிடக்கும். சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் விளக்கெரிய ஓடும். இவ்விரண்டுக்கும் இடையேதான் எங்கள் அவ்வாவின் ஒரு ஏக்கர் செம்மண் நிலம். அப்பாவின் தாயை நாங்கள் அவ்வா என்றே அழைப்போம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர் எங்களுடையது.

ஆடி மழையில் அவ்வா கேழ்வரகு விதைப்பார். ஆறேழு சாலுக்கு ஒரு சால் அவரை. வரப்போரம் பூசணியும் பீர்க்கும் படரும். கிணற்றடியில் கீரையும் முள்ளங்கியும் தலைகாட்டும். மற்ற மாவட்டத்தார் மொச்சை என்பதை நாங்கள் அவரைக்கொட்டை என்போம். பகல் பொழுது குறுகினால்தான் இதன் நாட்டு வகைகள் பூக்கும் என்றும், இதன் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது என்றும் தாவரவியல் வகுப்பில் படித்தேன். அவ்வாவிடம் ஓடிச் சொன்னேன். "பனி விழுந்தாத்தான் காய்க்கு வாசம் வரும், அவரை போட்ட இடத்துல அடுத்த பயிர் நல்லா வரும். இதுக்கா காலேஜு?" என்று சிரித்தார்.

அந்த வாசத்தைக் கன்னடத்தில் 'சொகடு' என்பார்கள். தை பிறக்கும்வரை எங்கள் வீடு முழுவதும் அதே வாசம்தான். அவரைக்கொட்டையை இரவில் ஊற வைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துப் பிதுக்கினால், தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் துள்ளி விழும். யார் பிதுக்கிய குவியல் பெரியது என்று பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும். தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்ட பிதுக்கம்பருப்புக் குழம்பும், ஆவி பறக்கும் கேழ்வரகுக் களியும்! எழுதும்போதே நாவூறுகிறது.

இந்தக் காய்களை உண்பது நாங்கள் மட்டுமல்ல. எங்களோடு பதினான்கு வீடுகள். 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்த பிறகு, பல ஊர்களிலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறியவர்கள் ஏராளம். அவர்களுள் திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர், ஓர் ஆடியில் கிணற்றைத் தூர் வாரப் பணமின்றி அவ்வா நின்றபோது, ஆயிரம் ரூபாயைக் கையில் வைத்து, "காய் வரும்போது கழிச்சுக்கலாம்" என்றார். அதைப் பார்த்து அண்டை வீட்டாரும் தந்தனர். அன்று முதல் ஆடியில் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். ஆவணி முதல் தை வரை ஞாயிறுதோறும் ஒரு கூடை. நிலம் எதைத் தருகிறதோ அதுவே கூடையில் இருக்கும். 'தக்காளி இல்லையா?' என்று யாரும் கேட்பதில்லை.

2021-ஆம் ஆண்டு நவம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவரை பூத்து நின்ற வேளையில் வானம் ஓயவில்லை. பூவெல்லாம் சேற்றில் உதிர்ந்தது. தப்பிய பிஞ்சையும் காய்ப்புழு துளைத்தது. மார்கழி வந்தது, கூடையில் போட ஒன்றுமில்லை. பாதிப் பருவத்துக் காய் போக, வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் திருப்பித் தர வேண்டும் என்று அவ்வா கணக்கிட்டார். மறுநாள் அவர் காதில் தோடில்லை. ஏழாயிரம் ரூபாயை என்னிடம் தந்து, "ஒவ்வொரு வீட்டுலயும் குடுத்துட்டு வா" என்றார்.

நான் அப்போது பதினோராம் வகுப்பு. அதுவரை கூடை சுமக்க வெட்கப்பட்டவன், அன்று கூடையில்லாமல் போக வெட்கப்பட்டேன். முதல் வீட்டில் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அதில் பிழையில்லை, அது அவர்கள் பணம். அடுத்தது திருநெல்வேலி அக்காவின் வீடு. நோட்டை நீட்டியதும் அவர் முகம் மாறியது. "காய் வந்தா மட்டும் பங்கு, மழை அழிச்சா பங்கு இல்லையா தம்பி? கொண்டுபோய் அவ்வாகிட்டயே கொடு" என்றார். அன்று மூன்று வீட்டார் வாங்கினர். பதினொரு வீட்டார் மறுத்தனர். மீந்த ஐயாயிரத்து ஐந்நூறோடு அப்பா கொஞ்சம் போட்டுத் தோட்டை மீட்டார்.

அந்த ஒரு சொல்லின் பொருளைக் கல்லூரிக்கு வந்தபின்தான் உணர்ந்தேன். 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. பின்னர் ஓசூரிலும் திறந்தார்கள். அவ்வாவும் அங்கே கடை போட்டிருக்கிறார். இடைத்தரகர் இல்லாமல் விற்க அது பெரிய துணை. ஆனால் விளையாத ஆண்டில் சந்தைக்கு எதைச் சுமந்து செல்வது? அந்த நட்டம் முழுவதும் உழவரின் தலையிலேயே விழுகிறது. 1970-களில் சப்பானில் இல்லத்தரசிகளும் உழவர்களும் நேரடியாகக் கைகோத்து, அதற்குத் 'தெய்க்கெய்' என்று பெயரிட்டார்கள் என்றும், 1986-இல் அமெரிக்காவில் பருவத் தொடக்கத்திலேயே பணம் தந்து விளைச்சலில் பங்கு பெறும் பண்ணைகள் தோன்றின என்றும் பேராசிரியர் ஒருவர் சொன்னபோது, எனக்கு அந்த அக்காவின் வாசற்படிதான் நினைவில் வந்தது.

மறு ஆண்டு அவரை நன்றாகக் காய்த்தது. பணத்தைத் திரும்ப வாங்கிய மூன்று வீட்டுக்கும் பொங்கலன்று ஒரு படி கொடுத்துவரச் சொன்னார் அவ்வா. "அவங்களுக்கு எதுக்கு?" என்றேன். "அவங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு, போ" என்றார்.

இன்று மத்திகிரி ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. பக்கத்து நிலத்தில் மனைக்கல் நட்டாயிற்று. "ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று சித்தப்பா ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்கிறார். அவர் சொல்லும் விலையைக் கேட்டு அப்பாவும் மௌனமாகிவிடுகிறார். அவ்வா மட்டும் விதை அவரையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் எடுத்து வைக்கிறார். அந்தப் பானை எத்தனை ஆடிக்குத் திறக்கும் என்பதை நான் அறியேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பெரியோர்களே, நண்பர்களே! உங்கள் ஊரிலும் இப்படி ஒரு துண்டு நிலமும் அதில் ஓர் அவ்வாவும் இருப்பார்கள். தையில் காய் வாங்கப் போகும் நாம், இந்த ஆடியிலேயே ஒருமுறை போய் வருவோமா? பதினைந்தாவது வீடாக எங்கள் அவ்வாவிடம் சேர விரும்புவோர் என்னைக் கேளுங்கள். பிதுக்க மட்டும் கற்றுக்கொண்டு வாருங்கள்!