மொரப்பூர்ச் சிறு பாதையும் பாம்பன் தூக்குப் பாலமும்

சென்னையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் வண்டிகள் சோலையார்பேட்டையைக் கடந்து தெற்கே திரும்பியபின், தருமபுரி மாவட்டத்தில் நிற்கும் நிலையங்களுள் ஒன்று மொரப்பூர். சிறிய ஊர்தான், ஆயினும் நம் மாவட்டத்து மக்களுக்கு அதுவே சென்னையின் வாயில். மகனைக் கல்லூரியில் சேர்க்கச் செல்லும் தந்தை, பெரிய மருத்துவமனைக்குத் தாயை அழைத்துச் செல்லும் மகள் எனப் பலரும் தருமபுரியில் பேருந்து ஏறி, மூட்டை முடிச்சுகளுடன் அங்கு வந்து காத்திருப்பதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். மாவட்டத் தலைநகர் ஓரிடம், சென்னைக்குப் போகும் பெருவழிப்பாதை வேறிடம். இவ்விரண்டையும் இணைத்து ஒரு காலத்தில் ஓர் இரயில் பாதை இருந்தது என்று சொன்னால், இளைஞர் பலர் நம்ப மறுக்கின்றனர்.

இருந்தது. 1906-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சிற்றிரயில் ஓடத் தொடங்கிற்று. 1913-இல் அப்பாதை பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர்வரை நீண்டது. இதற்கு முந்திய ஆண்டாகிய 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் இத்தகைய பாதையொன்று போடப்பட்டிருந்தது. அந்நாளில் இவ்வூர்கள் யாவும் பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான்.

இப்பாதைகள் இலாபம் கருதிப் போடப்பட்டவை அல்ல. பஞ்சமே அவற்றின் தாய். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஓரிடத்தில் தானியம் இருந்தது; வேறிடத்தில் மக்கள் மடிந்தனர்; இடையே இருந்தவை மாட்டு வண்டித் தடங்களே. வறட்சியில் தீவனமின்றி மாடுகளும் மடிந்தபோது வண்டியும் நின்றது. பின்னர் அமைந்த பஞ்சக் குழு 1880-இல் தன் அறிக்கையைத் தந்தது. வறண்ட மாவட்டங்களுக்குத் தானியம் சென்றடைய இரயில் பாதைகள் வேண்டும் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. அக்கருத்து மொரப்பூரை எட்டக் கால் நூற்றாண்டு சென்றது!

செலவைக் குறைக்கவேண்டிப் பாதையையும் குறுக்கினர். பெருவழிப்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி ஐந்தரை அடி. இச்சிறு பாதையிலோ இரண்டரை அடி, பாதிக்கும் குறைவு. சிறிய எஞ்சின், சிறிய பெட்டி, மெதுவான ஓட்டம். மேடும் பள்ளமுமான நம் நிலத்தில் வளைந்து நெளிந்து செல்ல இது வசதியே. ஆனால் சிக்கனத்திற்குள் ஒரு குறையும் ஒளிந்திருந்தது. சிறு பாதையின் பெட்டி பெரும் பாதையில் ஓடாது. ஆகவே தருமபுரியில் ஏற்றிய புளி மூட்டையை மொரப்பூரில் இறக்கி, மீண்டும் பெரிய வண்டியில் ஏற்றவேண்டும். இரட்டைக் கூலி, இரட்டைத் தாமதம். வழியில் கிழிந்து சிந்துவது வேறு. வீட்டு வாசலிலேயே சரக்கை ஏற்றி, கடை வாசலிலேயே இறக்கும் லாரி வந்தபின் வணிகர் எதைத் தேர்ந்தெடுப்பர் என்று சொல்லவும் வேண்டுமோ? 1930-களில் இந்தியா எங்கணும் கிளைப் பாதைகளைச் சாலைப் போக்குவரத்து இவ்வாறே அரித்துக்கொண்டிருந்தது.

எனினும் நலிந்த பாதை தானாகச் சாகவில்லை. போர் அதைக் கொன்றது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கில அரசுக்கு இரும்பு தேவைப்பட்டது. வருவாய் குறைந்த கிளைப் பாதைகள் பல பெயர்க்கப்பட்டுத் தண்டவாளங்கள் போர்ப்பணிக்குச் சென்றன. 1941-இல் மொரப்பூர்ப் பாதையும் கிருஷ்ணகிரிப் பாதையும் மூடப்பட்டன. பஞ்சத்திற்கு அஞ்சிப் போட்ட பாதையை இலாபக் கணக்குப் பார்த்து எடுத்தது நியாயமன்று என்பதே நம் கருத்து. தீயணைக்கும் வாளியை, இவ்வாண்டு தீப்பிடிக்கவில்லை என்று விற்றுவிடுவார் உண்டோ?

ஏறத்தாழ அதே காலத்தில் பிறந்த பாம்பன் பாலத்தின் கதையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நடுவே, அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சர் என்பாரின் முறைப்படி அமைந்த தூக்குப் பகுதி இருந்தது. கப்பல் வரும்போது இருபுறமும் ஆட்கள் கைகளால் பொறியைச் சுழற்ற, இரு சிறகுகள்போல் பாலம் மேலெழும். இலங்கைக்குச் செல்லும் ஆட்களும் சரக்கும் அதன் வழியே சென்றன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்குச் சென்ற பயணிகள் வண்டியைக் கடல் விழுங்கியது. பாலத்தின் பல கண்கள் அடித்துச் செல்லப்பட்டபோதும் தூக்குப் பகுதி நின்றது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது. மூப்பின் காரணமாக 2022 டிசம்பரில் அதன்மேல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அதன் அருகிலேயே, நடுப்பகுதி முழுவதும் செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்து வைக்கப்பட்டது.

பாம்பனுக்கு இராமேசுவரம் இருந்தது. நாடெங்கிலுமிருந்து வரும் யாத்திரிகர்கள் இருந்தனர். மொரப்பூர்ப் பாதைக்கு யார் இருந்தார்கள்? புளியும் கேழ்வரகும் விளைத்த குடியானவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக எந்தப் பொறியாளரும் 46 நாட்களில் ஓடி வரவில்லை.

1960-களின் பிற்பகுதியில் சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் மீட்டர் பாதை தருமபுரி, ஓசூர் வழியாக வந்தது; 1990-களில் அது அகலப் பாதையாயிற்று. பெங்களூரில் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் செல்லும் நம் பங்குப் பிள்ளைகளுக்கு அது பேருதவி. ஆனால் மொரப்பூர்த் துண்டு மட்டும் விடுபட்டே நின்றது. பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின், 2016-17 நிதியாண்டில் 36 கிலோமீட்டர்ப் புதிய பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒப்புதலுக்குப் பின்னும் நிலம் எடுக்கும் வேலையிலேயே ஆண்டுகள் ஓடின. அரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் வைத்திருப்பவன், அதன் நடுவே பாதை போகுமென்றால் கலங்காதிருப்பானா? பாதை வேண்டும் என்று கேட்கும் கூட்டத்திலும் அவன்தான் முன்வரிசையில் நிற்கிறான். நிலத்தின் விலையை அவனுக்கு முறையாக, காலந்தாழ்த்தாது கொடுத்தால், மொரப்பூர் மேடையில் மூட்டைமீது அமர்ந்திருக்கும் மூதாட்டிகள் தருமபுரியிலேயே வண்டி ஏறலாம்.