கீழ் இலைக்கு எவ்ளோ வெயில்?

காலேஜ் கெமிஸ்ட்ரில பீர்-லாம்பர்ட் விதின்னு மனப்பாடம் பண்ணோமே, ஞாபகம் இருக்கா மக்களே? கரைசலுக்குள்ள போகப்போக வெளிச்சம் குறையற கணக்கு. 1953-ல மோன்சி, சாயெகின்னு ரெண்டு ஜப்பான்காரங்க அதைச் செடிக்குப் போட்டுட்டாங்க. செடிக்கூட்டத்தை மேலேருந்து அடுக்கடுக்கா வெட்டி, எவ்ளோ இலை, எவ்ளோ வெளிச்சம்னு அளந்தாங்க. இலை படுத்திருந்தா மேலடுக்கே வெயிலை முழுங்கிடும். நிமிர்ந்திருந்தா அடி இலைக்கும் பங்கு உண்டு. 1966-ல வந்த ஐ.ஆர்.8 நெல்லுக்கு விறைப்பான இலை சும்மா அழகுக்கில்ல. மழைக்காட்டுலயோ தரைக்கு வர்றது நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான்.

எங்கப்பா இந்த சம்பாவுக்கு ஒத்தை நாத்தா, 25 செ.மீ. இடைவெளி விட்டு நட்டிருக்கார். 15 நாள் ஆகியும் பாதி தண்ணிதான் தெரியுது. ஊரே சிரிக்குது, அம்மா ஃபோன்ல புலம்பல். இலை மூடற வரைக்கும் இடைவெளியில விழற வெயில் நட்டம்தான், ஒத்துக்கறேன். தூர் எத்தனைன்னு தினம் கேக்கறேன். நேத்து அஞ்சாம்.