கணக்கில் ஏறாத வாத்தியார்

பாலம் இடிந்தால் கட்டியவரைத் தேடுவோம். நின்றால்? கட்டியவரையே மறந்துவிடுகிறோம், அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் எங்கே நினைவுக்கு வரப்போகிறார்!

ஹார்டி கிராஸ் (1885–1959) என்று ஓர் அமெரிக்கர். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1921 முதல் 1937 வரை சிவில் இன்ஜினியரிங் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். காது மந்தம். அதையே சாக்காக வைத்து, மாணவர்களைத் திரும்பத் திரும்ப உரக்கப் பதில் சொல்ல வைப்பாராம். அரைகுறையாகப் படித்தவன் தப்பிக்க முடியுமா?

அது கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒரு மாடிக் கட்டடத்தின் சட்டகத்தைக் கணக்கிட ஏகப்பட்ட சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்க வேண்டும். கிராஸ் ஒரு குறுக்குவழி கண்டார். ஒவ்வொரு மூட்டாக எடுத்து, மிஞ்சும் திருப்புத்திறனை அதில் சேரும் உத்தரங்களுக்கும் தூண்களுக்கும் அவற்றின் விறைப்புக்கு ஏற்பப் பங்கு போடு. மிச்சம் கரையும்வரை தொடர். அவ்வளவுதான்!

இதை வகுப்பில் சில வருடம் நடத்திய பிறகே 1930-ல் கட்டுரையாக வெளியிட்டார். பத்தே பக்கம். அதன்மேல் மற்றவர்கள் எழுதிய விவாதமோ நூறு பக்கத்தைத் தாண்டியது. சிறந்த பொறியியல் ஆசிரியருக்கான லாமி பதக்கம் 1944-ல் வந்தது.

அந்தப் பத்துப் பக்கத்தை அவர் எழுதாமலே போயிருந்தால்? வகுப்பு அதே வகுப்புதான். நமக்குத்தான் பெயர் தெரிந்திருக்காது.

காசு கொடுத்து வாங்கிய குட்வில்தான் பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். தானாகச் சம்பாதித்தது ஏறாது. நல்ல பாடமும் அப்படித்தான். கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு கொடுக்கும் கல்லூரிகள், படித்துப் போய்ப் பத்து வருடமான மாணவர்களையும் ஒரு வார்த்தை கேட்கலாமே?