அடைத்தவர் மீதே பொறுப்பு



பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை மதரஸாவில் ஆண்டுதோறும் நடத்தி வருகிறேன். ஓர் உயிரின் வழியை நாம் அடைத்துவிட்டால், அதன் பசியும் தாகமும் குளிரும் நம் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. இவ்வாண்டு அப்பாடம் எங்கள் வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்திலேயே நடந்தது.

என் ராத்தா இத்தா முடிந்தபின், "தம்பி, பிறர் கையை எதிர்பாராமல் ஏதேனும் செய்ய வேண்டும்" என்றார்கள். கையிருப்பில் இருந்த சிறு தொகைக்கு ஒரு நாள் வயதுடைய 30 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்குவதென முடிவாயிற்று. தாய்க்கோழி இல்லாத அவற்றுக்குச் சிறகின் வெதுவெதுப்பை நாமே உண்டாக்க வேண்டும். அதற்கான அமைப்பைத்தான் புரூடர் என்கிறார்கள்.

ஒன்றரை அடி உயர அட்டையை வட்டமாக வளைத்து நிறுத்தினோம். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே குவிந்து, அடியில் உள்ளவை மூச்சுத் திணறி இறக்கும். வட்டத்தில் அந்த அபாயம் குறைவு. தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி பரப்பினோம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது பொதுக்கணக்கு. ஆயினும் ஒன்று பழுதானால் மற்றொன்று எரியட்டும் என்று இரண்டு 40 வாட் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டோம். உமியில் விழுந்தால் தீப்பற்றும் என்பதால் அவற்றைக் கம்பியால் இறுகக் கட்டினோம். குஞ்சுகள் வருமுன்பே விளக்கேற்றி இடத்தைச் சூடாக்கி வைத்தோம்.

முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்திற்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லாதவர்களுக்குக் குஞ்சுகளே சொல்லிவிடும். விளக்கின் கீழ் நெருங்கி நின்று கத்தினால் குளிர்கிறது. விலகி ஓடி, சிறகை விரித்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி. ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாக உண்டு உறங்கினால் எல்லாம் சரி. "ஹஜ்ரத், அவை பேசுமா?" என்று கேட்ட சிறு மாணவனிடம், "கவனிப்பவருக்குப் பேசும்" என்றேன்.

மூன்றாம் இரவு மின்சாரம் நின்றது. தை மாதக் குளிர். ராத்தா பதறவில்லை. பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி வட்டத்தினுள் வைத்தார்கள். காற்றுக்கு இடம்விட்டு மேலே போர்வை விரித்தார்கள். நீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே ஃபஜ்ரு பாங்கு வரை விழித்திருந்தார்கள். கரி அடுப்பு வைக்கலாம் என்று அண்டை வீட்டார் சொன்னபோது, மூடிய இடத்தில் அதன் புகை உயிரைக் குடிக்கும் என்று மறுத்துவிட்டார்கள். இரண்டு குஞ்சுகள் மட்டும் இறந்தன. அவை வந்த நாள் முதலே சோர்ந்திருந்தவை.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா சொட்டு மருந்து இடப்பட்டது. ஈரமான உமி இரத்தக் கழிச்சலுக்கு வழிவகுக்கும் என்பதால் நாள்தோறும் கிளறி, நனைந்ததை அகற்றினார்கள். நான்கு வாரங்களில் இறகு முளைத்து, விளக்குத் தேவையற்றுப் போயிற்று.

உதவி வேண்டி நிற்பவராக உறவினர் கருதிய ஒருவரை 28 உயிர்கள் நம்பியிருந்தன. அந்த நம்பிக்கையே அவரை நிமிர்த்தியது என்பதைக் கண்ணால் கண்டேன். நம் குடும்பங்களில் தனித்துவிட்ட பெண்களுக்குப் பணம் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அவர்கள் பொறுப்பேற்று நடத்தக்கூடிய ஒரு தொழிலுக்கும் துணை நிற்போமாக. அவர்களுடைய உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.