கொடுக்காத படிவம்

2013இல் பொறியியல் முதலாண்டு சேர்ந்தபோது, அரசு தரும் கல்வி உதவித்தொகைக்கான படிவத்தை நான் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்கவே இல்லை. கொடுத்துவிட்டதாகவும் அங்கே தொலைத்துவிட்டார்கள் என்றும் வீட்டில் சொன்னேன். அம்மா சங்கிலியை அடகு வைத்தார். அப்பா கல்லூரிக்கு வந்து, அந்தப் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஓர் எழுத்தரிடம் சண்டை போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எங்கள் ஊர் திருக்கோவிலூர் பக்கம். அப்பா கொத்தனார்; கையெழுத்துப் போடுவார், பஸ் போர்டு படிப்பார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். பிளஸ் டூ முடிவு வந்த கையோடு வீட்டின் சான்றிதழ் இலாகா என்னிடம் வந்து சேர்ந்தது. வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர், அப்புறம் வருவாய் ஆய்வாளர், அப்புறம் வட்டாட்சியர் என்று படியேறியது நான்தான். சாதிச் சான்று அட்டை, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் செட் செட்டாக ஜெராக்ஸ் எடுத்து, தலைமையாசிரியரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி, பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கி வைத்தேன். தெருவில் நான்கைந்து பேர் அந்த ஃபைலைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி வாங்கினார்கள்.

கலந்தாய்வு அப்போது இணையத்தில் கிடையாது. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் கூட வருகிற ஒருவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். அப்பாவுக்கு இது தெரியாது. நடத்துநரிடம் நான் கடிதத்தை நீட்டிப் பாதி டிக்கெட் வாங்கியதை ஊர் திரும்பியதும் எல்லோரிடமும் சொன்னார். முன்பணம் மற்றவர்களுக்கு ₹5,000, எங்களுக்கு ₹1,000. அந்த ஆயிரத்தை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது, இனிச் செலவே இல்லை என்று அவருக்கு உறுதி சொல்லியிருந்தேன். அது சரியான தகவலும்கூட. 2012 செப்டம்பரில் வந்த 92ஆம் எண் அரசாணைப்படி, அரசு ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் வருமான வரம்புக்குள் இருந்தால் கட்டாயக் கட்டணங்களைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டியதில்லை. அரசே கொடுத்துவிடும். எந்த மாணவனுக்கு எவ்வளவு என்று அரசுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் படிவம்.

கல்லூரியும் என்னிடம் கல்விக் கட்டணம் கேட்காமல் சேர்த்துக்கொண்டது. விடுதி அறையில் என்னோடு மூன்று பேர். என்ன சாதி என்று யாரும் நேராகக் கேட்கவில்லை. ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். ஊரைச் சொன்னேன், தெருவைச் சொல்லவில்லை. அவர்களாகவே ஏதோ ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு எனக்கு வசதியாக இருந்ததால் நான் திருத்தவில்லை.

செப்டம்பரில் ஒருநாள், கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அட்டெண்டர் சர்க்குலர் நோட்டோடு வந்தார். ஆசிரியர் வாங்கிப் படித்தார். எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் விண்ணப்பிக்க வேண்டியவர்கள் இப்போதே அலுவலகத்துக்குப் போகலாம் என்றார். தருமபுரியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். பின்னாலேயே இரண்டு பையன்கள் போனார்கள். நான் போர்டில் இருந்த தொகையீட்டுக் கணக்கை வெகு கவனமாக எழுதிக்கொண்டிருந்தேன். அன்று எழுதியது ஒரு வரி விடாமல் நோட்டில் இருக்கிறது. அந்த செமஸ்டரில் அவ்வளவு ஒழுங்காக நான் எழுதிய பக்கம் வேறு இல்லை.

படிவத்தைக் கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் வாங்கிக்கொண்டேன். இரவு மற்றவர்கள் தூங்கிய பிறகு நிரப்பினேன். குடும்ப ஆண்டு வருமானம் ₹48,000. வங்கிப் பாஸ்புக் முதல் பக்கத்தின் நகலையும் இணைத்தேன். எல்லாம் தயார். மதிய இடைவேளையில் போய்க் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், அலுவலக ஜன்னலுக்கு முன் நிற்கும் வரிசை மெஸ்ஸுக்குப் போகும் நடைபாதையிலேயே இருந்தது. என் அறைக்காரர்கள் அந்த வழியாகத்தான் சாப்பிடப் போவார்கள். நானும் அவர்களோடு அந்த வரிசையைக் கடந்து போவேன். தருமபுரிப் பெண் வரிசையில் நின்றபடி என்னைப் பார்ப்பார். நான் மெனு என்னவென்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்பேன்.

கடைசித் தேதி முடிந்து நீட்டிப்பும் வந்தது. இந்த முறை கொடுக்காதவர்களின் பெயர்ப் பட்டியலே வகுப்புக்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அன்று காய்ச்சல் என்று சொல்லி விடுதியில் படுத்துக்கொண்டேன். நான் வகுப்பில் இல்லாவிட்டால் என் பெயரைப் படிக்க மாட்டார்கள் என்று எந்தக் கணக்கில் நம்பினேனோ தெரியவில்லை. படித்தார்கள். மாலையில் அந்தப் பெண் நூலக வாசலில் நிறுத்தி, “உங்க பேரையும் வாசிச்சாங்க, நாளைக்காவது குடுத்துருங்க” என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். கலந்தாய்வு ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிரிவு அச்சாகியிருக்கிறது, ஆகஸ்டிலேயே எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்றார்.

ஆக, மறைப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. வகுப்பில் பெரிதாக எதுவும் நடக்கவும் இல்லை. அறையில் ஒருவன் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். மற்ற இருவருக்கும் அன்றைய கிரிக்கெட் ஸ்கோர்தான் பெரிதாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் மறுநாள் காலையே நான் படிவத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. சாதி தெரிந்துவிட்டது ஒரு வெட்கம் என்றால், அதை நான் மறைத்துக்கொண்டு திரிந்ததும் தெரிந்துவிட்டது அதைவிடப் பெரிய வெட்கமாக இருந்தது. முதல் வெட்கம் ஊர் எனக்குக் கொடுத்தது. இரண்டாவது நானாகத் தேடிக்கொண்டது. படிவம் டிரங்குப் பெட்டியின் அடியிலேயே கிடந்தது. டிசம்பரில் கட்டு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போய்விட்டது.

மார்ச்சில் அறிவிப்புப் பலகையில் என் பெயர் வந்தது. உதவித்தொகைப் பட்டியலில் இல்லாததால் ₹40,000 கட்ட வேண்டும், கட்டினால்தான் ஹால் டிக்கெட். அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். உண்மையைச் சொல்லும் எண்ணத்தோடுதான் செய்தேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன், அதுவும் நிச்சயமில்லை. “குடுத்தேம்மா, ஆபீஸ்ல தொலைச்சிட்டாங்க” என்றேன். அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முதியோர் உதவித்தொகைக்குப் பாட்டி அலைந்தது, பட்டாவுக்கு அப்பா அலைந்தது, கொடுத்த மனுவையே கொடுக்கவில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பியது எல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. அவர்கள் வாழ்நாளெல்லாம் பட்ட அலைச்சலை என் பொய்க்குச் சாட்சியாக நிறுத்தினேன். செய்தவற்றில் எனக்கு இன்றும் பொறுக்காதது இதுதான்.

அப்பா வேலையை விட்டுவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எழுத்தருக்கு ஐம்பது வயதிருக்கும், காதோரம் நரை. முதலில் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். வரவுப் பதிவேட்டை எடுத்து விரித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாணவர்கள் போட்ட கையெழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“உங்க பையன் கையெழுத்து இதுல இல்லைங்க ஐயா. குடுத்திருந்தா இருக்கும்.”

“பேப்பரத் தொலைச்சவருக்குப் பேரு எழுதாம விடறது பெரிய வேலையா சார்? எங்க புள்ளைங்கன்னா அவ்ளோ எளப்பமா?”

எழுத்தர் அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “தம்பி, நீயே சொல்லு, எங்கிட்ட குடுத்தியா?” என்று கேட்டார். அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நான் “குடுத்தேன் சார்” என்றேன். குரல் தடுமாறவில்லை. அப்பா அதற்குப் பிறகு பேசியவற்றை இங்கே எழுத மாட்டேன். அவர் வாழ்க்கையில் ஓர் அலுவலகத்துக்குள் நின்று குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான். அதற்கான நியாயம் அவருக்கு நூறு இடங்களில் இருந்தது. அந்த அறையில் மட்டும் இல்லை.

சத்தம் ஓய்ந்ததும், பணத்தை இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு முதல்வருக்கு மனு எழுதிக் கொடுத்தது அதே எழுத்தர். சங்கிலியை வைத்து முதல் தவணை, மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி இரண்டாவது. சங்கிலி வட்டி ஏறி மூழ்கிப்போனது.

இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் எழுத்தர் என்னை வராந்தாவில் கூப்பிட்டு நிறுத்திப் புதுப் படிவத்தைக் கையில் கொடுத்தார். “வரிசையில நிக்க வேணாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வா, நானே வாங்கிக்கறேன்” என்றார். காரணம் அவருக்குப் புரிந்திருக்கிறது. முந்தைய ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஐந்து மணிக்கு மேல் போனேன், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நன்றிகூடச் சொல்லாமல் வந்தேன். அவர் சலுகை காட்டியதால் அந்த ஆண்டும் நான் வரிசையில் நிற்காமல் தப்பித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பிற்பாடு நண்பர்களிடம் இதைச் சொன்னபோது, தப்பு உன்மேல் இல்லை, வகுப்பு நடுவே சாதியைச் சொல்லி எழுப்பிவிடும் ஏற்பாட்டின் மேல்தான் என்றார்கள். ஏற்பாடு தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே வகுப்பில், அதே சர்க்குலருக்கு, ஒரு பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். எங்கள் தெருமுனையில் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைக்கு ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் மாலை போடுகிற கூட்டத்தில் முதல் ஆளாக நிற்பவன் நான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான இந்த உதவித்தொகை, வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் தொடங்கியது. சிலைக்கு மாலை போட வராத கூச்சம் அவர் காலத்தில் தொடங்கிய பணத்தை வாங்க மட்டும் ஏன் வந்தது என்ற கேள்விக்கு நண்பர்களின் சமாதானத்தில் பதில் இல்லை.

இப்போது விண்ணப்பம் இணையத்தில். 2020 டிசம்பரில் மத்திய அரசு தன் பங்கை 60 சதவீதமாக நிர்ணயித்த பிறகு, அந்தப் பங்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. முதலாண்டுப் பிள்ளைகள் விடுதிக் கட்டிலில் படுத்தபடி கைபேசியிலேயே விண்ணப்பிக்கலாம். ஆதார் இணைப்பு, வருமானச் சான்றின் தேதி என்று மாட்டிக்கொள்ள வேறு இடங்கள் இருக்கின்றன. சித்தி மகனுக்கு அவற்றையெல்லாம் நான்தான் சரிபார்த்துக் கொடுத்தேன். அந்த வசதி அன்று இருந்திருந்தால் எனக்கு இந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது. வேறொரு பொய் தேவைப்பட்டிருக்கலாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பணத்தைப் பற்றியோ சங்கிலியைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. “அந்த மனுசன அத்தினி பேர் முன்னால அவ்ளோ பேச வச்சிட்டியேடா” என்றார். அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நீயும் வா என்றார். கல்லூரிக்கு ஃபோன் செய்து விசாரித்தேன். ஓய்வு பெற்றுப் போய்விட்டார், முகவரி தர முடியாது என்றார்கள். அப்பா நம்பவில்லை. நேரில் போய்க் கேட்டால் சொல்வார்கள் என்கிறார். நான் இன்னும் போகவில்லை.

அம்மாவிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சும்மா இரு தம்பி, பாவம் பாத்து அந்த ஆளக் காப்பாத்தப் பாக்கற. தொலைச்சது அவந்தான்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.