அன்னையாரின் மல்லிகைத் தொட்டி

வேதாந்த மடத்தால் பெயர்பெற்ற கோவிலூரில், நம் இல்லத்து முற்றத்தில் ஒரு மண்தொட்டி உண்டு. அதிலிருப்பது குண்டுமல்லி, மறைந்த அன்னையார் தம் கையால் பதியன் போட்டு வளர்த்தது. அவர்களுக்குப் பின் அதனை ஓர் அமானிதமாகவே கருதினோம். சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஒரு செம்பு நீர், அஸருக்குப் பின் ஒரு செம்பு. வெயில் கடுமையாயின் இஷாவுக்குப் பின்னும் ஒன்று.

இத்தனைக்கும் செடி நாளுக்கு நாள் தேய்ந்தது. இலைகள் மஞ்சளித்தன, மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. தாகம் என்றெண்ணி மேலும் ஊற்றினோம். அன்னையாரின் இறுதி நாள்களில் அருகிருக்க இயலாமற் போன உறுத்தலும் அந்தச் செம்பில் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன்?

ஆவணியில் ஒருநாள் அடுத்த வீட்டு ஆச்சி வந்தார்கள். அன்னையாரின் நெடுநாள் தோழி. தொட்டி மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் செலுத்தி, எடுத்து முகர்ந்து பார்த்தார்கள்.

"தம்பி, இது தண்ணிக்கு ஏங்கலை, மூச்சு முட்டிக் கிடக்கு. உங்கம்மா விரல் வச்சுப் பாக்காம ஒருநாளும் ஊத்த மாட்டாகளே!"

தொட்டியைக் கவிழ்த்தோம். அடித்துளையை வேர்களே அடைத்திருந்தன. கீழ்மண் சேறாகி, வேர்கள் கறுத்து நாறின. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் நீர் தேங்கிக் காற்றை வெளியேற்றிவிட்டால் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே நீரில் நின்றபடியே செடி வாடும். தாகத்தால் வாடினாலும் வெள்ளத்தால் வாடினாலும் இலை ஒன்றுபோலவே தொங்குகிறது! ஓடும் ஆற்றில் ஒளூச் செய்யினும் நீரை விரயமாக்கலாகாது என்னும் நபிமொழி இப்னு மாஜா தொகுப்பில் உள்ளது. ஒளூச் செய்கையில் நாள்தோறும் அதனை நினைத்தோம். தொட்டியருகே ஒருநாளும் நினைக்கவில்லை.

கறுத்த வேர்களைக் களைந்தோம். துளையைச் சீராக்கி அதன்மேல் ஓட்டுச்சில்லு வைத்தோம். நம்மூர்ச் செம்மண் தனித்திருந்தால் இறுகிவிடும். ஆதலால் மணலும் மக்கிய சாணமும் கலந்தோம். மல்லிகைக்குக் கவாத்துச் செய்யும் காலம் நவம்பர் இறுதி வாரம் என்பர். அதுவரை பொறுக்க வழியில்லை; எஞ்சிய சிறு வேர் அத்தனை இலையைத் தாங்காதென்று கொப்புகளைப் பாதியாய்க் குறைத்தோம். அன்னையார் நட்டதில் கத்தரி வைக்கக் கை நடுங்கியது. ஆச்சிதான் அதட்டினார்கள்.

யாஸ்மீன் என்று நம் பெண்மக்களுக்குப் பெயரிடுகிறோமே, அது பாரசீகம் தந்த மல்லிகையின் பெயர். தாவர நூலார் குண்டுமல்லிக்கு இட்ட பெயரிலுள்ள 'சம்பக்' என்பதும் அரபியின் 'ஸன்பக்' வழி வந்ததே. பெயரெல்லாம் அறிந்திருந்தோம், விரல் வைத்துப் பார்க்கத்தான் அறிந்திலோம்.

மூன்று வாரம் அசைவில்லை. பிறகு வந்த தளிரிலும் நரம்பு பச்சை, இடையெல்லாம் வெளிறல். இது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி கரைத்து இலைமேல் தெளித்தோம். மாதம் ஒருமுறை, நிறம் திரும்பும்வரை.

பங்குனியில் பதினோரு மொட்டுகள் கண்டன. முதற்பூவை ஆச்சி வீட்டுக்கு அனுப்புவது அன்னையாரின் வழக்கம். அவ்வாறே ஓர் இலையில் பொதிந்து அனுப்பினோம். மஃரிபுக்கு முன் மண்ணில் விரல் வைத்துப் பார்த்தோம். ஈரம் இருந்தது. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டோம்.