இருபது மாம்பழமும் ஒரு லெட்ஜரும்

கேம் எழுதக் கத்துக்கற பசங்க ஒருத்தர் பாக்கியில்லாம மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஒரு பந்தை நகர்த்தற வரைக்கும் ஒரே குஷி. ரெண்டாவது பந்தையும் சமாளிச்சுடலாம். பத்து, இருபதுன்னு ஆகும்போதுதான் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடும்.

எங்க வீட்டுல பந்துக்குப் பதிலா மாம்பழம். ஒன்பதாவது படிக்கிற பொண்ணு பைதான்ல, பைகேம் வச்சு ஒரு விளையாட்டு எழுதிக்கிட்டிருந்தா. மேலேர்ந்து பழம் விழும், கீழே கூடையை நகர்த்திப் பிடிக்கணும். மூணு பழம் வரைக்கும் ஜோரா ஓடிச்சு. நாலாவதுக்கு அதே பத்து வரி மறுபடியும், பேரை மட்டும் மாத்தி. ஏழாவது பழத்துல வெறுத்துப்போய், "எனக்கு இதெல்லாம் வராதுப்பா, டெலிட் பண்ணிடறேன்"னு எழுந்துட்டா. 'எனக்குக் கணக்கு வராது'ன்னு பசங்க முடிவு கட்டறதும் இப்படி ஏதோ ஒரு சாயங்காலத்துலதான். அப்படியே விட மனசு வரலை.

நான் பி.காம். எனக்குத் தெரிஞ்சது லெட்ஜர் மட்டும்தான். "என்னடா கண்ணு, ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனித்தனியா ஒரு பேங்க் கட்டி வச்சிருக்கே?"ன்னேன். சிரிச்சுட்டா. பாதி வேலை முடிஞ்சுது :-)

ஒரு கிளையில பத்தாயிரம் சேமிப்புக் கணக்கு இருந்தாலும் வட்டி போடற விதி ஒண்ணுதான். ஆளுக்கு ஆள் மாறறது பேரும் இருப்பும். மாம்பழமும் அப்படித்தான். இப்ப எங்கே இருக்கு, என்ன வேகம், இதுதான் அதோட கணக்கு. எல்லாப் பழத்தையும் ஒரு லிஸ்ட்ல போடு. ஒரு லூப் முதல் பழத்துலேர்ந்து கடைசிப் பழம் வரை போய், அதது இடத்தோட அதது வேகத்தைக் கூட்டட்டும். நொடிக்கு 60 தடவை இது நடந்தா பார்க்கிறவங்களுக்கு எல்லாம் ஒரே சமயத்துல விழற மாதிரி இருக்கும். மூணு பழமானாலும் முன்னூறானாலும் அதே நாலு வரி.

அடுத்த சிக்கல் கழிக்கறதுல. கூடையில விழுந்த பழத்தை லிஸ்ட்லேர்ந்து எடுக்கணுமே? லூப் ஓடும்போதே எடுத்தா வம்பு. அஞ்சாவது பழத்தை எடுத்ததும் ஆறாவது நகர்ந்து அஞ்சாவது இடத்துக்கு வந்துடும். லூப்போ அடுத்து ஆறாவது இடத்தைத்தான் பார்க்கும். நகர்ந்து வந்த பழத்தை அந்தச் சுத்துல யாருமே கவனிக்கறதில்லை. எர்ரர் எதுவும் வராது. ஒரு பழம் லேசா விக்கின மாதிரி நின்னு போகும், அவ்வளவுதான். இந்த மாதிரித் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் உயிர் போகும்.

இதுக்கும் பேங்க்குலயே வழி இருக்கு. பகல்ல குறிச்சு வை, டே எண்ட்ல ஒழுங்கு பண்ணு. பிடிச்ச பழத்துக்கு 'முடிஞ்சது'ன்னு ஒரு அடையாளம் மட்டும் போடு. லூப் முழுசா முடிஞ்சப்புறம் மிச்சப் பழங்களை மட்டும் வச்சுப் புது லிஸ்ட் போட்டுக்கோ. பைகேம்லயே 'குரூப்'னு ஒண்ணு உண்டு, இதையெல்லாம் அதுவே பார்த்துக்கும். ஆனா ஒரு தடவை கையால எழுதிப் பார்த்தாத்தான் உள்ளே என்ன நடக்குதுன்னு புரியும்.

1978ல ஜப்பான்ல டைட்டோ கம்பெனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' எழுதினார். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 எதிரிகள். அந்தக் கால மெஷினுக்கு அத்தனை பேரையும் ஒரே நேரத்துல நகர்த்தத் தெம்பு கிடையாது. அதனால ஒரு தடவைக்கு ஒரே ஒருத்தர்தான் நகருவார். 55 பேரும் ஒரு அடி வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். நாம சுடச்சுட ஆள் குறையும், மிச்சப் பேருக்கு முறை சீக்கிரமா வரும். கடைசியா நிக்கறவன் தலைதெறிக்க ஓடுவான். மெஷினோட இந்தக் குறையை நிஷிகாடோ சரிபண்ணாம அப்படியே விட்டார். விளையாடறவங்களுக்குப் படபடப்பு ஏறினதே அதனாலதான்.

இந்தக் கதையைக் கேட்டதுக்கப்புறம் டெலிட் பேச்சே இல்லை. இருபது பழம் விழுது, நடுநடுவே அழுகின பழமும் வருது. அதுக்குன்னு கூடுதலா ஒரே ஒரு விதி.

உங்க வீட்டுல யாராவது இப்படித் திணறிக்கிட்டிருந்தா, புரோகிராமிங் தெரியாதேன்னு ஒதுங்கிப் போகாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, "எத்தனை பொருள் இருக்கு, அதுக்கு எத்தனை விதி எழுதியிருக்கே?"ன்னு கேளுங்க. ரெண்டு நம்பரும் ஒண்ணா இருந்தா, லிஸ்ட் போடற நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம்.